செல்மாவின் காதுகள்

காலையில் வாஷிங்மெஷின் கடைசிச் சுற்றில் தடதடவென்று ஆடியது. அணைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

‘செல்மாசாங்ஸ்’ ஞாபகம் வந்துவிட்டது.

2000-இல் வந்த ‘டான்சர் இன் தி டார்க்’ படத்தின் பாடல் தொகுப்பு. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் இசையமைத்துப் பாடி, செல்மாவாக நடித்தும் இருந்தார். அதற்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதும் வாங்கினார்.

ஏழே பாடல்கள், அரைமணி நேரம்.

செல்மா பார்வை மங்கிக்கொண்டே வரும் தொழிற்சாலைப் பெண். தொழிற்சாலைப் பாட்டில் தகடு அழுத்தும் இயந்திரத்தின் ‘டக்... டணார்’ தான் முதலில் கேட்கும். அதுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தாளமாகி, மேலே வாத்தியங்கள் வந்து சேரும்.

அப்புறம் அந்த ரயில் பாட்டு. தண்டவாளச் சத்தத்தின் மேல் இரண்டு குரல்கள். படத்தில் ஆண் குரல் நடிகர் பீட்டர் ஸ்டார்மேர்; தொகுப்பில் ரேடியோஹெட் ராக் குழுவின் பாடகர் தாம் யார்க். எனக்குத் தொகுப்பில் உள்ளதுதான் உயிர். எல்லாம் பார்த்தாயிற்று, இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்று அவள் பாடும்போது இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

கண் போகப் போக அவளுக்கு உலகமே சத்தமாகிவிடுகிறது. எந்தச் சத்தத்தையும் அவள் வீணாக்குவதில்லை.

படத்தின் முடிவில் செல்மாவுக்குத் தூக்குத்தண்டனை. தூக்குமேடைக்கு 107 காலடி. கால் எழவில்லை அவளுக்கு. கூட வரும் காவலர் பெண் தரையில் ஓங்கி மிதித்து நடக்கிறாள், செல்மாவுக்குக் கேட்கட்டும் என்று.