கொள்ளிடக் கரை பம்ப் ஹவுஸ்: மே மாதக் குறிப்புகள்

மே 4, 2024, சனி

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். மீட்டர், சென்சார்களின் எண்களை வாங்கி சர்வருக்கு அனுப்பி, மோட்டாரையும் கட்டுப்படுத்தும் சிறு கணினிதான் கேட்வே. அதன் பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று மணிக்குத் திறந்தால் உள்ளே 68 டிகிரி. கருவி 70 வரை தாங்குமாம். தண்ணீரும் தூசியும் புகாத பெட்டியில் சூடும் வெளியேறாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. வடக்குச் சுவருக்கு மாற்றி, மேலே தகரம் சாய்த்தேன்.

மே 6, திங்கள்

நிழலில் பெட்டிக்குள் 51 டிகிரி. போதும்.

குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் ப்ளோ மீட்டர்தான் பகல் முழுவதையும் தின்றது. மோட்டார் ஓடுகிறது, திரையில் பூஜ்யம். மீட்டர் தன் எண்களை வைத்திருக்கும் அறைகள்தான் ரெஜிஸ்டர்; கேட்வே அவற்றைக் கேட்கும் மொழி மோட்பஸ். மேனுவலில் ரெஜிஸ்டர் 40101 என்று இருந்தால், மோட்பஸில் கேட்க வேண்டியது 100: முன்னால் உள்ள 4 வகையைத்தான் குறிக்கும், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். அதைத் திருத்தியும் எண் தாறுமாறாக வந்தது. தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் உட்காரும்; இந்த மீட்டர் பின்பாதியை முதலில் அனுப்புகிறது. மாற்றிப் போட்டதும் மீட்டர் முகப்பில் இருந்த அதே எண்.

மே 9, வியாழன்

மேல்நிலைத் தொட்டி 3 கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து நீர்மட்டம் லோரா என்ற தொலைதூர ரேடியோவில், 865 மெகாஹெர்ட்ஸில், நேராக பம்ப் ஹவுஸுக்கே வருகிறது. செல்போன் டவர் விழுந்தாலும் கவலையில்லை. சென்சார் 4 மில்லிஆம்ப் தந்தால் தொட்டி காலி, 3.6-க்குக் கீழே போனால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள்.

தொட்டியிலிருந்து செய்தியே வராவிட்டால்? நான் உடனே மோட்டாரை நிறுத்தும்படி எழுதியிருந்தேன். ஆப்பரேட்டர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “நிறுத்திட்டா காலையில ஊருக்கு என்னத்த விடுறது தம்பி? காலித் தொட்டி ரொம்புறதுக்கு நாலரை மணி நேரம். ராத்திரி வால்வு மூடியிருக்கும். கணக்குப் பண்ணி ஓட்டுங்க.” இருபது வருஷமாக அவர் மனசுக்குள் போடும் கணக்கு இது. அப்படியே கேட்வேயில் எழுதினேன்: கடைசியாக வந்த மட்டத்தை எடு, மிச்சம் நிரம்பும் நேரம் மட்டும் ஓட்டு, நிறுத்து. சர்வரைக் கேட்கவே வேண்டாம்.

மே 17, வெள்ளி

நேற்று இரவு காற்றும் மழையும். கரண்ட் போனது, கூடவே டவரும். 11.20-க்குக் கரண்ட் வந்ததும் அண்ணன் மோட்டாரைப் போட்டிருக்கிறார். 12.50-க்குத் தொட்டியின் ஆன்டெனா சாய்ந்து செய்தி நின்றது. அப்போது மட்டம் 60 சதவீதம். மோட்டார் 2.38-க்குத் தானாக நின்றது. விடியற்காலையில் ஏறிப் பார்த்தோம்: வழிகுழாய்க்கு ஒரு சாண் கீழே தண்ணீர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டவர் வந்தபின், சேமித்து வைத்த பதிவுகளை கேட்வே அனுப்பியது. எல்லாவற்றிலும் தேதி 1970 ஜனவரி 1; நேரம் தெரியாத கணினி எண்ணத் தொடங்கும் நாள் அது. கடிகார பேட்டரி போடாமலே அனுப்பியிருக்கிறார்கள். கரண்ட் போனதும் நேரம் மறந்துவிட்டது, டவர் இல்லாததால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கழிந்த நிமிடங்களை மட்டும் சரியாக எண்ணியதால் மோட்டார் தப்பியது. அண்ணனின் லாக் புக்கில் “11.20 மோட்டார் ஆன்” என்று இருந்தது. அதை வைத்து ஒவ்வொரு பதிவுக்கும் நேரம் போட்டேன். மேலே எழுதிய 12.50-ம் 2.38-ம் அப்படிக் கிடைத்தவைதான்.

திருச்சியில் பேட்டரி வாங்கி வந்து போட்டாயிற்று. மெயினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து, சிம்மை உருவிவிட்டு ஆன் செய்தோம். மணி 5.42 காட்டியது. அண்ணன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதையும் லாக் புக்கில் எழுதிக்கொண்டார்.