பிலாத்து கை கழுவின இடம்

தவக்காலம் வந்தால் யாழ்ப்பாணத்தில பாஸ்கு, இயேசுவின்ர பாடுகளைச் சொல்லுற நாடகம், வந்திடும். 1965இல மரியசேவியர் அடிகளார் தொடங்கின திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனது. எங்கட கோயில் பங்கில இன்னும் தகரத் தொப்பி, ஒட்டுமீசை, ஒரேயொரு மைக்தான். (அதுகும் கெத்சமனியில கட்டாயம் கீச்சிடும்.)

இந்தமுறை பிலாத்து, இயேசுவைச் சாவுக்குக் கையளிச்ச உரோம ஆளுநன், 'இந்தப் பழியில எனக்குப் பங்கில்லை' எண்டு அலுமினியச் சட்டியில கை கழுவினான். பக்கத்தில இருந்த ஆச்சி, காணாமல் போன மகனுக்காக ஆணைக்குழு ஆணைக்குழுவாய் ஏறி இறங்கினவ, மெல்லமாச் சொன்னா: "இவன் சனத்துக்கு முன்னால எண்டாலும் கழுவுறான், தம்பி."

பிலாத்துவைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பன்! ஒண்டும் இப்பிடிக் குத்தேல்ல.

மரியாள் மகனை மடியில வாங்கேக்க திரும்பிப் பார்த்தன். ஆச்சியின்ர கதிரை வெறுமையாக் கிடந்தது.