மூடிய மடிக்கணினிக்குள் நடப்பவை: ஓர் அலுவலக நாட்குறிப்பு

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

விற்பனைப் பிரிவிலிருந்து காலையிலேயே ஒரே விதமான புகார்கள் வந்தன. வெள்ளிக்கிழமை மாலை முழுச் சார்ஜுடன் மூடி வைத்த மடிக்கணினி, திங்கள் காலையில் திறக்கும்போது உயிரற்றுக் கிடக்கிறது. பையிலிருந்து எடுக்கும்போது அடிப்பகுதி சூடாக இருந்ததாகவும் சிலர் சொன்னார்கள். பேட்டரி கெட்டுவிட்டது என்றே எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். புதிய பேட்டரி கேட்டுப் படிவம் நிரப்புவதற்கு முன், அந்தக் கணினிக்கு எந்த வகை உறக்கம் வாய்த்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை.

நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, விண்டோஸின் மின்சார மேலாண்மைக்கான பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை ‘ஏ’ தெரிவுடன் இயக்கினால் அந்தக் கணினியின் உறக்க நிலைகள் எல்லாம் பட்டியலாக வரும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை சேர்ந்து 1996 இறுதியில் வெளியிட்ட, கணினியின் மின்நிலைகளை வகுக்கும் ஏசிபிஐ வரையறையின்படி எஸ்0 என்பது விழிப்பு, எஸ்3 என்பது நினைவகத்தில் நிலையைத் தக்கவைக்கும் உறக்கம், எஸ்4 என்பது வட்டில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட். எஸ்3 உறக்கத்தை நடத்துவது ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல். இயங்குதளம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். செயலிக்கு மின்சாரம் நின்றுபோகும். நினைவகச் சில்லுகள் மட்டும் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டிருக்கும். இப்போது வரும் அலுவலக மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் அந்த எஸ்3 கிடையாது. அதன் இடத்தில் மாடர்ன் ஸ்டாண்ட்பை இருக்கிறது. அது எஸ்0 நிலையின் உள்ளேயே நடப்பது. அதாவது கணினி விழித்திருந்தபடியே, ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக அடங்குவதால் உண்டாகும் அமைதி. ஏதேனும் ஒரு பாகம் அடங்க மறுத்தாலும் அந்த அமைதி குலைந்துவிடும்.

விற்பனைப் பிரிவின் கணினிகளில் எஸ்3 இல்லை என்பது எதிர்பார்த்ததே. அதற்குக் கீழே இருந்த வரிதான் என்னை நிறுத்தியது: ஹைபர்னேட் இயக்கப்படவில்லை. வட்டில் இடம் மிச்சமாகட்டும் என்று, இந்தக் கணினிகளை முதலில் அமைத்துக் கொடுத்தவர்கள் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். ஹைபர்னேட் கோப்பு இயல்பாக நினைவகத்தின் 40 விழுக்காடு அளவு இடத்தைப் பிடிக்கும். 16 ஜிபி நினைவகத்துக்கு அது ஏறக்குறைய 6.4 ஜிபி. அந்த இடத்துக்காக விட்டுக்கொடுத்தது ஒரு பாதுகாப்பு வலையை. உறக்கத்தில் சார்ஜ் அளவுக்கு மீறி இறங்கினால், விண்டோஸ் தானாகவே ஹைபர்னேட்டுக்குச் சென்றுவிடும். அந்த வழி அடைபட்டிருந்ததால் இந்தக் கணினிகள் கடைசித் துளி வரை இறங்கிக்கொண்டே போயிருக்கின்றன.

ஆகஸ்ட் 6, 2024, செவ்வாய்

ஹைபர்னேட் இல்லாதது பேட்டரி பூஜ்யம் வரை சென்றதற்குக் காரணம். அவ்வளவு வேகமாக இறங்கியதற்கு அது காரணமாகாது. அந்த இரண்டாவது கேள்விக்கு விடை ஸ்லீப்ஸ்டடி அறிக்கையில் இருக்கிறது.

பவர்சிஎஃப்ஜி கட்டளையுடன் ஸ்லீப்ஸ்டடி என்ற தெரிவைச் சேர்த்தால் அண்மை மூன்று நாள்களின் உறக்கங்கள் அனைத்தும் ஒரு வலைப்பக்கக் கோப்பாகக் கிடைக்கும். கால அளவைக் குறிப்பிட்டால் 28 நாள்கள் வரையிலும் பின்னோக்கிப் பார்க்கலாம். ஒவ்வோர் உறக்கத்துக்கும் தொடங்கிய நேரம், நீடித்த நேரம், கரைந்த மின்சாரம் ஆகியவற்றோடு டிரிப்ஸ் என்ற விழுக்காடும் இருக்கும். கணினி எட்டக்கூடிய மிக ஆழமான ஓய்வுநிலையில் அந்த உறக்கத்தின் எவ்வளவு பங்கு கழிந்தது என்பதை அது சொல்கிறது. மென்பொருள் அளவில் ஒன்றும் வன்பொருள் அளவில் ஒன்றுமாக அது இரண்டு எண்களாக வரும். மென்பொருள் எண் உயர்ந்தும் வன்பொருள் எண் தாழ்ந்தும் இருந்தால், நிரல்கள் அடங்கிவிட்டன, ஆனால் ஏதோ ஒரு சாதனமோ அதை இயக்கும் நிரலான டிரைவரோ ஃபர்ம்வேரோ அடங்கவில்லை என்று பொருள். இரண்டுமே தாழ்ந்திருந்தால் முதலில் நிரல்களையும் பின்னணிச் சேவைகளையும் தேட வேண்டும். புகார்களைக் குருட்டுத்தனமாக ஒவ்வோர் அமைப்பாக மாற்றிப் பார்த்துத் தீர்க்க முயல்பவர்கள் இந்த ஒரு பிரிப்பைச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

பயனருக்குப் புரியவைக்க எளிய கணக்கு ஒன்றே போதும். பேட்டரியின் கொள்ளளவு 50 வாட்-மணி என்று கொள்வோம். உறக்கத்தில் அரை வாட் செலவானால் பத்து மணி நேரத்தில் 5 வாட்-மணி, அதாவது 10 விழுக்காடு குறையும். 3 வாட் செலவானால் அதே இரவில் 60 விழுக்காடு போய்விடும். இன்று நான் பார்த்த அறிக்கைகளில் சராசரிச் செலவு இந்த இரண்டாவது கணக்கையே ஒத்திருந்தது. மூடிய பைக்குள் ஓயாமல் வெளிவரும் 3 வாட் வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. சூட்டுக்கும் அதுவே விளக்கம்.

ஆகஸ்ட் 8, 2024, வியாழன்

அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, மோசமான உறக்கங்கள் எல்லாம் ஒரே வகையில் தொடங்கியிருந்தன: தொடக்கத்தில் கணினி வெளி மின்சாரத்தில் இருந்தது, சில நிமிடங்கள் கழித்துப் பேட்டரிக்கு மாறியது. மாலையில் இவர்கள் எப்படிக் கிளம்புகிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். மேசையில் யுஎஸ்பி-சி டாக் என்ற இணைப்புப் பெட்டி இருக்கிறது. மின்சாரம், திரை, வலையிணைப்பு மூன்றும் அந்த ஒரே கேபிளில் வருகின்றன. அவர்கள் முதலில் மூடியை மூடுகிறார்கள், மேசையை ஒழுங்கு செய்கிறார்கள், கடைசியாகக் கேபிளைப் பிடுங்கிப் பையில் வைக்கிறார்கள். இதில் அவர்கள் மீது குறை சொல்ல எதுவும் இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

ஆனால் வெளி மின்சாரத்தில் இருக்கும்போது தொடங்கும் மாடர்ன் ஸ்டாண்ட்பை தாராளமானது. வலையிணைப்பு உயிரோடு இருக்கும், அஞ்சல் வரும், பின்னணிப் பணிகளுக்கும் இடம் உண்டு. கேபிளைப் பிடுங்கியதும் அவையெல்லாம் சிக்கன நிலைக்கு இறங்க வேண்டும். எங்கள் கணினிகளில் அந்த இறக்கம் நடக்கவில்லை. அறிக்கையில் முதலிடத்தில் நின்ற தொல்லை, டாக்கின் உள்ளே இருக்கும் யுஎஸ்பி வலை அடாப்டரின் டிரைவர். அடாப்டர் போன பின்னும் அதைச் சார்ந்த யுஎஸ்பி கட்டுப்படுத்தி அடங்காமல் விழித்திருந்தது. மென்பொருள் எண் உயர்வு, வன்பொருள் எண் தாழ்வு: செவ்வாயன்று எழுதிய அதே அடையாளம்.

டாக்கின் ஃபர்ம்வேரையும் அடாப்டரின் டிரைவரையும் புதுப்பித்தேன். இவை இரண்டும் வெவ்வேறு. பலர் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். டாக்கின் ஃபர்ம்வேர் எந்த விண்டோஸ் புதுப்பிப்போடும் தானாக வரும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. இரண்டும் முடிந்தபின் ஓரிரு கணினிகளை வழக்கம்போலவே மூடிவிட்டுக் கேபிளைப் பிடுங்கி இரவு முழுதும் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, 2024, வெள்ளி

விட்டுவைத்தவை நன்றாக உறங்கியிருந்தன. வன்பொருள் எண் 90 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தது.

கணக்குப் பிரிவில் வேறொரு விந்தை. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே ஒரு மடிக்கணினி உறங்கிப்போகிறது என்றார்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் மூலத்தின் 506 எண் நிகழ்வு, அதாவது மாடர்ன் ஸ்டாண்ட்பைக்குள் நுழைந்த பதிவு, ஒவ்வொரு முறையும் மூடியைக் காரணமாகக் காட்டியது. மூடி மூடியிருப்பதை உணர்வது ஒரு ஹால் சென்சார். அது மூடியில் பதித்த சிறு காந்தத்தை அறிகிறது. அந்த அம்மையார் பழைய மடிக்கணினி ஒன்றை அடியில் வைத்து, அதன் மேல் புதியதை வைத்து உயரம் கூட்டியிருந்தார். அடியில் இருந்ததன் காந்தம் மேலிருந்ததன் சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. மரப்பலகை ஒன்று கொடுத்ததும் தீர்ந்தது. காந்தப் பூட்டு வைத்த பைகளும் இதையே செய்யும்.

ஆகஸ்ட் 12, 2024, திங்கள்

இன்று எதிர்த்திசைப் புகார்: கணக்குப் பிரிவின் மற்றொரு மடிக்கணினி, எத்தனை மணி நேரம் தொடாமல் விட்டாலும் உறங்குவதே இல்லை. உறங்கியது எழுவதற்கும், விழித்திருப்பது உறங்காததற்கும் வெவ்வேறு கருவிகள் உள்ளன. எழுந்ததன் காரணத்தை லாஸ்ட்வேக் தெரிவும், எழுப்பக் காத்திருக்கும் காலக்கெடுக்களை வேக்டைமர்ஸ் தெரிவும் சொல்லும். உறங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவரின் பெயரை ரிக்வெஸ்ட்ஸ் தெரிவு சொல்லும்.

அது காட்டிய பெயர் எஸ்ஆர்வி-நெட், விண்டோஸின் கோப்புப் பகிர்வு டிரைவர். தொலைவிலிருந்து ஒரு கணினி அண்மையில் கோரிக்கை அனுப்பியிருக்கிறது என்ற விளக்கமும் உடன் இருந்தது. விசாரித்தபோது, மாதக் கணக்குத் தாள்கள் வைத்திருந்த ஒரு கோப்புறையை அந்தக் கணினியிலிருந்தே எல்லாருக்கும் பகிர்ந்திருந்தார்கள் என்று தெரிந்தது. யாரேனும் ஒருவர் தாளைத் திறந்து வைத்திருக்கும் வரை அந்தக் கணினி உறங்காது. கோப்பு பாதியில் அறுந்து போகாமல் காப்பதற்காக வைத்த சரியான ஏற்பாடு அது. இந்த வேண்டுகோளைப் புறக்கணிக்கும்படி கட்டளையிடவும் வழி இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. கோப்புறையைச் சர்வருக்கு மாற்றினேன். கணினி தானாகவே உறங்கத் தொடங்கியது.

ஆகஸ்ட் 14, 2024, புதன்

உடன் வேலை செய்யும் தம்பி கேட்டான்: “அண்ணா, ரெஜிஸ்ட்ரியில ஒரு மதிப்பைச் சேர்த்தா மாடர்ன் ஸ்டாண்ட்பை போய், பழைய எஸ்3 வந்துடுமாமே. எல்லாக் கணினியிலயும் அதையே போட்டுடலாமா?”

விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்படி ஒரு மதிப்பு இருப்பது உண்மைதான். ஆனால் எஸ்3 இல்லாததற்குப் பவர்சிஎஃப்ஜியின் பட்டியல் இரண்டு வெவ்வேறு காரணங்களைச் சொல்லக்கூடும். மாடர்ன் ஸ்டாண்ட்பை இருப்பதால் எஸ்3 முடக்கப்பட்டுள்ளது என்று மட்டும் இருந்தால் அந்த மாற்றம் பலன் தரக்கூடும். ஃபர்ம்வேரே அதை ஆதரிக்கவில்லை என்று இருந்தால், மாற்றத்துக்குப் பின் கணினிக்கு எந்த உறக்கமும் மிஞ்சாது. மூடினால் திரை அணையும், உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் கணினிகள் இரண்டாவது வகை. சில உற்பத்தியாளர்கள், கணினி தொடங்கும்போது இயங்கும் ஃபர்ம்வேரான பயாஸிலேயே உறக்க வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தருகிறார்கள். அங்கே மாற்றுவது ரெஜிஸ்ட்ரியில் மாற்றுவதைவிட எவ்வளவோ நம்பகமானது.

பாதுகாப்பின் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். எஸ்3 ஆனாலும் மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனாலும், வட்டுக் குறியாக்கத்தின் சாவி நினைவகத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. மின்சாரம் நின்ற பின்னும் நினைவகச் சில்லு தன் உள்ளடக்கத்தை உடனே இழப்பதில்லை என்பதையும், குளிரூட்டினால் இன்னும் நீண்ட நேரம் தக்கவைத்திருக்கும் என்பதையும் 2008-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் செய்துகாட்டினார்கள். இரவுப் பேருந்தில் பயணம் செய்யும் விற்பனையாளரின் பையில் இருக்கும் கணினி ஹைபர்னேட்டில் இருப்பதே நல்லது. சாவி நினைவகத்தில் இல்லை. வட்டில் எழுதப்பட்ட நினைவக நகலும் குறியாக்கத்துக்குள் இருக்கிறது.

ஆகஸ்ட் 19, 2024, திங்கள்

ஹைபர்னேட்டை எல்லாக் கணினிகளிலும் இயக்கி, பேட்டரியில் உறங்கத் தொடங்கி ஒரு மணி நேரம் கடந்தால் ஹைபர்னேட்டுக்குச் செல்லும்படி, பல கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விதி வகுக்கும் குரூப் பாலிசியில் அமைத்தேன். இங்கே ஒரு பொறி இருக்கிறது. குரூப் பாலிசியில் அந்தக் கால அளவு நொடிகளில் எழுதப்படும். பவர்சிஎஃப்ஜியின் சேஞ்ச் தெரிவில் நிமிடங்களில். ஒரு மணி நேரத்துக்கு முதலாவதில் 3600, இரண்டாவதில் 60. பாலிசியில் 60 என்று இட்டால் கணினி ஒரே நிமிடத்தில் ஹைபர்னேட்டுக்குப் போய்விடும். பேட்டரியில் உறங்கும்போது வலையிணைப்பைத் துண்டிக்கும் அமைப்பையும் அதே இடத்தில் சேர்த்தேன். இரவில் அஞ்சல் பதிவிறங்குவதை யாரும் கேட்கவில்லை.

ஹைபர்னேட்டை இயக்கியதும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் கூடவே திரும்பி வந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். அது இருக்கும்போது ஷட் டவுன் முழுமையான அணைப்பாகாது. இயங்குதளத்தின் மையமான கர்னலின் நிலை வட்டில் எழுதப்பட்டு, மறுநாள் அதுவே திரும்ப ஏற்றப்படும். நாள்தோறும் அணைக்கிறேன் என்று பயனர் சொல்வார். டாஸ்க் மேனேஜரோ பல நாள்களாக இயங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டும். பழுதடைந்த டிரைவர் நிலையும் அதோடு பிழைத்திருக்கும். முழுமையாகப் புதிதாய்த் தொடங்குவது ரீஸ்டார்ட் மட்டுமே. வேகமான எஸ்எஸ்டி உள்ள கணினிகளில் அந்தச் சில நொடி லாபம் இந்தக் குழப்பத்துக்கு ஈடாகாது என்று கருதி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைத் தனியே அணைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, 2024, வியாழன்

திருத்திய பின்னும் ஒரு கணினி மட்டும் 20 விழுக்காடு இருக்கும்போதே சட்டென்று அணைகிறது. ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் 41 எண் நிகழ்வு பதிவாகியிருந்தது. முறையாக அணையாமல் மின்சாரம் போனது என்பதைத் தவிர அந்த எண் வேறெதையும் சொல்வதில்லை. பவர்சிஎஃப்ஜி தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் பார்த்தால், வடிவமைப்புக் கொள்ளளவில் முழுச் சார்ஜ் கொள்ளளவு 60 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. லித்தியம்-அயான் பேட்டரியை முதுமையாக்குபவற்றில் வெப்பமும் முழுச் சார்ஜில் நெடுநேரம் நிற்பதும் முக்கியமானவை. பைக்குள் இத்தனை காலம் வெந்ததன் விளைவு இது. இதற்கு மட்டும் புதிய பேட்டரி கேட்டுப் படிவம் அனுப்பினேன்.

மீதமிருப்பவை மென்பொருள் உருவாக்குநர்களின் லினக்ஸ் கணினிகள். சிஸ் கோப்பமைப்பில், பவர் என்ற கோப்புறைக்குள் உள்ள மெம்-ஸ்லீப் கோப்பைப் படித்தால், எஸ்2ஐடில், டீப் என்ற இரண்டில் எது தேர்வில் உள்ளது என்று சதுர அடைப்புக்குறி காட்டும். டீப் என்பதே எஸ்3; எஸ்2ஐடில் மாடர்ன் ஸ்டாண்ட்பை போன்றது. சிலவற்றில் இரண்டும் இருந்தன; கர்னல் அளவுருவில் டீப் என்பதை இயல்பாக்கியதும் இரவுச் செலவு குறைந்தது. எஸ்2ஐடில் மட்டுமே உள்ளவற்றுக்கு, லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி தரும் ‘உறங்கு, பிறகு ஹைபர்னேட்’ முறையை அமைக்க நினைத்தேன். ஆனால் அவற்றில், கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்குகிறது. அந்நிலையில் கர்னலின் லாக்டவுன் என்ற பாதுகாப்புக் கட்டுப்பாடு ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை. செக்யூர் பூட்டை அணைப்பது எங்கள் பாதுகாப்பு விதிக்கு முரண். ஆகவே அந்தக் கணினிகளைப் பையில் வைக்கும் முன் முழுதாக அணைக்கும்படி உரியவர்களிடம் நேரில் சொல்லி, அதையே அவற்றின் பதிவேட்டிலும் எழுதிவைத்தேன்.