மோங் தாய் ஒருவருக்குப் பிரசவத்தில் துணை நின்ற அனுபவம்

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் ஒரு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். லாவோஸ் நாடு 1975இல் கம்யூனிஸ்டுகள் வசமானபின், அங்கிருந்து தாய்லாந்து அகதி முகாம்கள் வழியாக வந்து குடியேறிய மலைவாழ் இனத்தவரான மோங் மக்கள் இந்நகரில் மிகுதி. அண்மையில் தலைப்பிரசவத்துக்கு வந்த மோங் பெண்ணுக்கு நான் கடைப்பிடித்த நடைமுறை, இங்கு வேலைக்கு வரும் நம் செவிலியர்களுக்கு உதவும்.

அனுமதிக்கும்போதே, பெண் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வேண்டுமா என்று கேட்டேன். இறந்தவரின் உயிர் பிறந்த இடத்துக்குத் திரும்பி, அங்கே புதைத்த நஞ்சுக்கொடியை உடுத்திக்கொண்டே முன்னோரிடம் சேரும் என்பது அவர்களின் மரபு நம்பிக்கை. ஆண் குழந்தையினுடையதை வீட்டின் நடுத்தூணடியிலும், பெண் குழந்தையினுடையதைப் பெற்றோரின் கட்டிலடியிலும் புதைப்பது லாவோஸ் மலைக்கிராம வழக்கம். இன்று எல்லாக் குடும்பங்களும் கேட்பதில்லை என்பதால், நாமாக எதையும் முடிவுகட்டக் கூடாது. நான் கேட்டதும் அந்தக் கர்ப்பிணி தம் கணவரைப் பார்த்தார். கணவர் தம் தாயைப் பார்த்தார். அந்த அம்மா தலையசைத்தபின்பே பதில் வந்தது.

திசு ஆய்வுக்கென்று ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தை ஊற்றிவிட்டால் நஞ்சுக்கொடியைத் திருப்பித் தர இயலாது. ஆகவே தொற்றுப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, மருத்துவரின் ஒப்புதலையும் குடும்பத்தாரின் கையொப்பத்தையும் வலி வலுக்கும் முன்பே பெற்று, பணி மாறும்போது அடுத்த செவிலியரிடமும் நேரில் சொல்லிவிட்டேன்.

வலியின்போது அவர் சத்தமே போடவில்லை. அந்த அமைதியை வலியின்மை என்று எண்ணிவிடாமல், முகத்தையும் மூச்சையும் கவனித்து, அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தேன். உட்பரிசோதனையை இன்றியமையாதபோது மட்டும், போர்வையால் மூடியபடி, பெண் மருத்துவரே செய்தார். மணிக்கட்டில் காப்புக்காகக் கட்டியிருந்த வெண்ணூலை அறுக்காமல், மறுகையில் ஊசி ஏற்றினோம்.

பிரசவமானதும் இங்கே வழக்கமாக வைக்கும் ஐஸ் தண்ணீரை அகற்றி வெந்நீர் கொடுத்தேன். மோங் வழக்கப்படி முப்பது நாட்களுக்குச் சூடான சோறும் மூலிகையிட்டு வேகவைத்த கோழியும்தான் உணவு. மாமியார் அதைக் கொண்டுவந்தபோது, நம் வீட்டுப் பத்தியத்தைக் கண்டு வளர்ந்த எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குழந்தையின் தலையைத் தொடுமுன் அனுமதி கேட்டேன். அழகென்று வாய்விட்டுப் புகழவில்லை, தீய ஆவிகளின் கவனம் திரும்பும் என்று அஞ்சுவோர் உண்டு.

நஞ்சுக்கொடியைப் பனிக்கட்டிப் பெட்டியில் கணவர் பெற்றுக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் குழந்தையின் உயிரை உடலோடு சேர அழைக்கும் சடங்கு என்று மாமியார் சொன்னதால், அன்று காலைக்குக் குறித்திருந்த மஞ்சள் காமாலைப் பரிசோதனையைப் பிற்பகலுக்கு மாற்றி எழுதிக் கொடுத்தேன்.