எளிதில் உடையும் வைரஸ்

கோமாரி நோய் ஆய்வகப் பணியில் என்னை இன்றும் வியக்கவைப்பது, மந்தை மந்தையாகப் பரவக்கூடிய அந்த வைரஸின் புரத உறை அத்தனை எளிதில் உடைந்துவிடுகிறது என்பதுதான். அமில-கார அளவு 6-க்குக் கீழே இறங்கினாலும் 9-க்கு மேலே ஏறினாலும் அது செயலிழந்துவிடும். நோய் கண்ட கொட்டிலை 4 விழுக்காடு சலவைச் சோடாக் கரைசலால் கழுவச் சொல்வது இதனால்தான்.

அதே பலவீனம் எங்கள் வேலைக்கும் இடையூறாகிறது. நாக்கின் கொப்புளத்திலிருந்து உரியும் தோலை, அமில-கார அளவு 7.2 முதல் 7.6 வரை உள்ள கிளிசரின் கரைசலில் இட்டுக் குளிரில் அனுப்பாவிட்டால், வந்து சேர்வது பெரும்பாலும் வெறும் தோலாகவே இருக்கும். அதனால் ஏற்படும் இழப்பு சிறியதன்று. இந்த வைரஸில் ஏழு வகைகள் உண்டு. அவற்றுள் சி வகை 2004-க்குப் பின் எங்கும் கண்டறியப்படவில்லை. ஒரு வகைக்கான தடுப்பூசி மற்றொன்றிலிருந்து காப்பதில்லை. ஒரே வகைக்குள்ளும் வேறுபாடுகள் இருப்பதால், களத்தில் சுற்றும் வைரஸ் தடுப்பூசியோடு பொருந்துகிறதா என்பதை அந்தத் தோல்துண்டுதான் சொல்ல வேண்டும்.

தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ்தான் என்றாலும், அதன் உறை முழுதாக இருந்தால்தான் மாட்டின் உடலில் போதிய எதிர்ப்பாற்றல் உருவாகும். குளிர் 2 முதல் 8 டிகிரிக்குள் நிலைக்காமல் போனால் உறை துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். ஓ வகையில் இது இன்னும் விரைவாக நிகழ்கிறது. குப்பியைப் பார்த்து இதை யாராலும் அறிய முடியாது. எனவே எத்தனை மாடுகளுக்கு ஊசி போடப்பட்டது என்ற கணக்கைவிட, ஊசிக்குப் பிறகு எடுத்த இரத்த மாதிரிகளில் எதிர்ப்பொருள் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதையே நான் நம்புவேன். (அறிக்கை கேட்பவர்கள் முதலில் விரும்புவது என்னவோ அந்தக் கணக்கைத்தான்.)

மரபுப்பொருள் இல்லாத வெற்று உறையை உருவாக்கி, அதன் இணைப்புகள் பிரியாதபடி வலுப்படுத்தும் ஆய்வுகளே எனக்கு இப்போது மிகுந்த நம்பிக்கை தருகின்றன. இன்றைய தடுப்பூசிக்கு உயிருள்ள வைரஸைப் பேரளவில் வளர்த்தாக வேண்டும். 2007-இல் இங்கிலாந்தில் கோமாரி ஆய்வுக்கூடமும் தடுப்பூசித் தயாரிப்புக்கூடமும் இருந்த பிர்பிரைட் வளாகத்திலிருந்து வெளியேறிய வைரஸ் சுற்றுவட்டாரப் பண்ணைகளைத் தாக்கியது. வெற்று உறையைத் தயாரிக்கும் கூடத்தில் அத்தகைய கசிவுக்கு இடமில்லை. வலுவூட்டிய உறை, வழியில் குளிர் சற்றுத் தவறினாலும் தாங்கக்கூடும்.