கரையில் நிற்பவர்களை வரைந்தவர்கள்

ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்குப் புதிதாக வரும் தமிழர்கள் என்னிடம் கேட்பது வழக்கமான கேள்விகள்தான். கோவில் எங்கே இருக்கிறது, இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும், ஓட்டுநர் உரிமம் எடுக்க என்னென்ன தாள்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவர்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன். ஹை ஸ்ட்ரீட்டில், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தை ஒட்டி சலிவன்ட் ஹால் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகமும் அருங்காட்சியகமும் அதற்குள்தான் உள்ளன. கட்டணம் இல்லை. ஒரு மதியம் ஒதுக்கிப் போய் வாருங்கள்.

எனக்கு அந்த இடம் அறிமுகமானது நான் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரும் விசாவில், வேலை செய்ய அனுமதி இல்லாமல் இருந்த காலத்தில். கணவரின் கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) மனு ஒரு கட்டத்தைத் தாண்டும்வரை எனக்கு அந்த அனுமதி கிடைக்காது. கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்ப் பழகியவளுக்குப் பகல் முழுக்க வீட்டுக்குள் இருப்பது கொடுமை. பேருந்து ஏறி நூலகம் நூலகமாகப் போனேன். பில்லி அயர்லாந்து 1935-இல் இறக்கும்வரை இந்த ஊர் 'டிஸ்பாட்ச்' நாளிதழில் கார்ட்டூன் வரைந்தவர். அவர் பெயரில் உள்ள இந்த நூலகத்தில் சுமார் மூன்று லட்சம் மூலச் சித்திரங்கள் இருக்கின்றன. படிப்பறையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். நீ யார், எந்த விசா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. புது நாட்டில் அது பெரிய ஆறுதல்.

நான் அதிகம் தேடியது குடியேற்றத்தைப் பற்றிய கார்ட்டூன்கள். அவற்றில் என்னை நகரவிடாமல் நிறுத்தியது ஜோசப் கெப்ளர் 1893 ஜனவரியில் 'பக்' என்ற நகைச்சுவை இதழின் நடுப்பக்கத்துக்கு வரைந்த படம். கப்பலிலிருந்து மூட்டையோடு ஒருவன் இறங்குகிறான். கரையில் விலையுயர்ந்த கோட்டும் தொப்பியும் அணிந்த ஐந்து கனவான்கள், வராதே என்று கையை நீட்டி மறிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிதாக விழும் நிழல்களில் கோட்டும் இல்லை, தொப்பியும் இல்லை. கிழிந்த உடையும் முதுகில் மூட்டையுமாக, அவர்களோ அவர்களின் அப்பன்மாரோ வந்து இறங்கிய நாளின் உருவங்கள் அவை. கெப்ளரே வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். 'பக்' இதழை முதலில் ஜெர்மன் மொழியில்தான் நடத்தினார்.

அந்த நிழல்களைப் பார்த்தபோது எனக்கு என் தாத்தா நினைவுக்கு வந்தார். துறையூர்ப் பக்கத்திலிருந்து பதுளைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம் எங்களுடையது. தாத்தா அங்கேயே பிறந்தவர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவர் ஆக்கியது. கங்காணி வைத்துக் கூட்டிப்போன கூட்டத்தின் வாரிசைப் பார்த்து 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு. தாத்தா இந்தியாவின் பங்கில் வந்தார். தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கி, கடைசியில் கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் பெயர் 'சிலோன்காரர்'. எங்கள் அப்பாவுக்கும் அதே பெயர்தான் நீடித்தது. இந்தக் கதையை அமெரிக்காவில் நான் யாரிடமும் சொன்னதில்லை; யாரும் கேட்கவும் இல்லை. கெப்ளர் படத்துக்குப் பிறகு சொல்லத் தொடங்கினேன்.

குடியேற்றத்தை வரையும் எவருக்கும் இரண்டு ஆட்கள் கிடைக்கிறார்கள். ஒருவன் உள்ளே வரப் பார்ப்பவன், இன்னொருவன் வாசலில் நிற்பவன். யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்பதிலேயே அந்தப் படத்தின் நியாயம் தெரிந்துவிடும். 1881 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் 'வாஸ்ப்' இதழில் கெல்லர் என்பவர் ஒரு படம் வரைந்தார். சுதந்திர தேவி சிலை நியூயார்க்கில் எழும்புவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, தங்கள் துறைமுகத்தில் அதற்குப் பதிலாகக் கந்தல் உடுத்த ஒரு சீனர் நிற்பதாகக் கற்பனை. தலையைச் சுற்றி வீசும் கதிர்களில் அழுக்கு, நோய், வெள்ளைத் தொழிலாளிக்கு நாசம் என்றெல்லாம் எழுத்துகள். அடுத்த ஆண்டே சீனர் விலக்குச் சட்டம் வந்தது. அது முழுதாக நீங்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தச் சட்டத்துக்குப் பின்தான் கனடா, மெக்சிகோ வழியாக ஒளிந்து வரும் சீனர்கள் உருவானார்கள். 'சட்டவிரோதமாக வந்தவன்' என்ற ஆளைச் சட்டமே உண்டாக்கியது, அதற்கான முகத்தைக் கார்ட்டூன் முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தது.

தாமஸ் நாஸ்ட் விஷயம் இன்னும் சிக்கலானது. ஆறு வயதில் ஜெர்மனியிலிருந்து வந்தவர். 1871-இல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில், வெறிக் கும்பலிடமிருந்து ஒரு சீனரைக் கொலம்பியா என்ற அமெரிக்கத் தாய் காப்பதாக வரைந்தார். அந்தக் கும்பலில் இருந்த அயர்லாந்துக்காரனை எப்படி வரைந்தார் தெரியுமா? குரங்கு முகத்தோடு. ஒரு குடியேறியின் பக்கம் நின்றுகொண்டே இன்னொரு குடியேறியை மனிதரிலிருந்து கீழே இறக்க முடிகிறது. நாஸ்டை என்னால் முழு மனதோடு கொண்டாட முடியவில்லை.

1916-இல் ஒரு நல்ல படம் 'பக்' இதழில் வந்தது. படிக்கத் தெரிந்தவர்களை மட்டும் அனுமதிப்போம் என்ற சட்டத்தைப் பற்றியது. 'படிப்புத் தேர்வு' என்று எழுதி, உச்சியில் பேனா முனைகள் பதித்த பெரிய சுவர், மேலே எட்டிப் பார்க்கும் அங்கிள் சாம் என்ற அமெரிக்க அரசின் உருவம், கீழே அண்ணாந்து நிற்கும் ஒரு குடும்பம். ஏற முடிந்தால் வா என்கிறார் அவர். அந்தச் சட்டம் ஜனாதிபதி வில்சனின் மறுப்பையும் மீறி 1917 பிப்ரவரி 5 அன்று நிறைவேறியது. படிப்புத் தேர்வோடு, 'தடை செய்யப்பட்ட ஆசிய மண்டலம்' என்று ஒரு எல்லையும் அதில் வகுத்தார்கள். இந்தியா முழுவதும் அதற்குள் அடங்கியது. 1946-இல் கதவை ஒரு விரற்கடை திறந்து ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம் என்றார்கள். 1965-க்குப் பிறகுதான் நாம் வந்து குவிந்தது.

எங்கள் பக்கத்து மாநிலமான இண்டியானாவில் 2014 நவம்பரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆவணம் இல்லாத பெற்றோர் சிலருக்குத் தற்காலிகப் பாதுகாப்பு தருவதாக ஒபாமா அறிவித்திருந்தார். 'இண்டியானாபொலிஸ் ஸ்டார்' தளத்தில் உடனே ஒரு கார்ட்டூன் வந்தது. ஒரு வெள்ளைக் குடும்பம் நன்றி நவிலல் நாள் விருந்துக்கு வான்கோழியோடு உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் வழியாக ஒரு குடும்பம் ஏறி உள்ளே வருகிறது. ஜனாதிபதியின் புண்ணியத்தில் இந்த வருஷம் கூடுதல் விருந்தாளிகள் என்கிறார் வீட்டுக்காரர். எதிர்ப்பு கிளம்பியதும் பத்திரிகை முதலில் செய்த திருத்தம் என்ன என்றால், ஜன்னலில் ஏறும் ஆணின் மீசையை அழித்தது. மீசை போனாலும் படம் அதே படம்தான். அப்புறம் மொத்தமாக எடுத்துவிட்டு ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார்.

மீசையைவிடப் பெரிய பிழை அந்த ஜன்னலில் இருக்கிறது. அந்த அறிவிப்பின் நிபந்தனைப்படி 2010 ஜனவரிக்கு முன்பிருந்தே தொடர்ந்து இங்கே வாழ்ந்து, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள பிள்ளையும் பெற்றவர்களுக்குத்தான் அது பொருந்தும். அதாவது அவர்கள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவர்கள். அந்த வான்கோழியை வளர்த்து, வெட்டி, கடைக்கு அனுப்பும் ஆலைகளில் வேலை செய்பவர்கள் அவர்களுக்குள் நிறையப் பேர். நீதிமன்றத் தடையால் அந்தத் திட்டம் கடைசிவரை நடைமுறைக்கு வரவேயில்லை என்பது வேறு.

ஜன்னல், வேலி, சுவர், ஆறு. கார்ட்டூன்களில் ஆவணம் இல்லாதவர் எப்போதும் எதையாவது தாண்டிக்கொண்டே இருக்கிறார். விமானத்தில் முறைப்படி வந்து, விசாத் தேதி முடிந்த பிறகும் தங்கிவிட்டவர்கள் அதில் கிடையாது. 2010-க்குப் பின் பல ஆண்டுகளில் புதிதாக ஆவணம் இழந்தவர்களில் இப்படிப்பட்டவர்களே அதிகம். எனக்கும் அந்த நிலைக்கும் நடுவில் இருப்பது, எந்த நாள்வரை இங்கே தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 தாளில் அச்சான ஒரு தேதி. என் ஓட்டுநர் உரிமம் அந்தத் தேதியோடு முடியும். நீட்டிப்பு மனு எங்கோ ஒரு அலுவலகத்தில் கிடந்தபோது சில வாரங்கள் வண்டி ஓட்ட முடியாமல், மகனைப் பள்ளிக்கு விடப் பக்கத்து வீட்டு அக்காவைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கணவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலையோ வேறு விசாவோ தேட வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். கிளம்பாமல் இருந்துவிட்டால், எந்த வேலியும் தாண்டாமல், இதே சமையலறையில் நின்றபடியே நான் அந்தக் கார்ட்டூனுக்குள் போய்விடுவேன். பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டில், 2022-இல் இங்கே ஆவணம் இல்லாமல் வாழ்ந்த இந்தியர் சுமார் 7,25,000 பேர். அந்தக் கணக்கில் மெக்சிகோ, எல் சால்வடோருக்கு அடுத்த இடம் நமக்கு இருந்தது.

எதிர்ப்புக் கார்ட்டூன்களுக்கும் ஒரு குறை உண்டு. 2024 செப்டம்பரில், எங்கள் ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைத்தி மக்கள் நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் தேர்தல் விவாத மேடையில் சொன்னார். பொய். அவர்களில் பெரும்பாலோர் அப்போது சட்டப்படி வசித்தவர்கள்; கிடங்குகளிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். அந்தப் பேச்சுக்குப் பின் 30-க்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. பள்ளிகளுக்கு மாநிலக் காவலர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வாரம் டிரம்பைக் கண்டித்து வந்த கார்ட்டூன்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் பூனைகள் இருந்தன, நாய்கள் இருந்தன, டிரம்பும் இருந்தார். பூனைக்கு முகபாவம்கூட இருந்தது. ஹைத்திக்காரர் ஒருவர்கூட இல்லை. பள்ளி வாசலில் காவலரைக் கடந்து நடக்கும் ஒரு குழந்தையை யாராவது வரைந்திருக்கலாமே என்று எனக்குக் கோபமாக வந்தது.

2025 பிப்ரவரி 5 அன்று, 1917 சட்டத்தின் அதே தேதியில், 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கிட்டு ஏற்றிவந்த அமெரிக்க ராணுவத்தின் சி-17 விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. சில நாட்களில் 'விகடன் பிளஸ்' இதழின் அட்டையில் டிரம்ப் பக்கத்தில் விலங்கோடு அமர்ந்திருக்கும் மோடியின் கார்ட்டூன் வந்தது. பிப்ரவரி 15 மாலை விகடன் தளமே முடங்கியது. மார்ச் 6 அன்று, அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு கார்ட்டூனுக்காக 1987-இல் ஆசிரியரே சிறைக்குப் போன பத்திரிகை அது. இந்தப் படம் கெப்ளரின் வழியில் வந்தது என்பது என் எண்ணம். விலங்கு பூட்டப்பட்டவர்களை மீண்டும் ஒருமுறை வேடிக்கைப் பொருளாக்காமல், அவர்களுக்காகப் பேச வேண்டிய இடத்தில் இருப்பவரை வரைந்தது. அதனால்தான் அது சுட்டது.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சொன்னபோது வாக்குவாதம் ஆகிவிட்டது. "அக்கா, அவங்க சட்டத்தை மீறி வந்தவங்க. நாம வரிசையில நிக்கிறவங்க. ரெண்டையும் ஒண்ணாப் பேசாதீங்க" என்றார் ஒரு தம்பி. வந்த 104 பேரில் பெரும்பாலோர் ஹரியானா, குஜராத், பஞ்சாப்காரர்கள். தமிழர்கள் சம்பந்தப்படாத விஷயம் என்பது அவர் நினைப்பு. அவர் நல்ல மனிதர்தான், எங்கள் வீடு மாற்றும்போது முழு நாளும் பெட்டி தூக்கியவர். ஆனால் அன்று அவர் கை நீட்டிப் பேசிய விதம் கெப்ளரின் கனவான்களுடையது. நான் விடவில்லை. எந்த நாட்டுக்கும் ஆண்டுக் கிரீன் கார்டு ஒதுக்கீட்டில் 7 சதவிகிதத்துக்கு மேல் இல்லை என்ற கணக்கில் நம் வரிசை பல பத்தாண்டுகள் நீள்கிறது என்றேன். அந்த வரிசையிலேயே பிள்ளைகள் 21 வயதைத் தொட்டு எச்-4 தகுதியை இழக்கிறார்கள் என்றேன். அதே அறையில் அப்படி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மூன்று வயதில் வந்தவள். இப்போது மாணவர் விசாவுக்கு மாறி, தான் வளர்ந்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவிக்கான கட்டணம் கட்டிப் படிக்கிறாள்.

அந்தப் பெண் நன்றாகப் படம் வரைவாள். அடுத்த பொங்கல் மலருக்கு இதைப் பற்றி ஒரு பக்கக் கார்ட்டூன் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வரைகிறேன் என்றிருக்கிறாள், பெயர் மட்டும் வேண்டாம் என்கிறாள். மலர்க் குழுவில் இருவர் அரசியல் கூடாது என்கிறார்கள், மூவர் போடலாம் என்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்குக் கெப்ளர் படத்தின் அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன்.