திகன கலவரத்துக்குப் பிறகு இழப்பீட்டுக்கு அலைந்த கதை

2018 மார்ச் 5ஆம் திகதி கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் சிங்களக் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் தாக்கியதும், மறுநாள் அவசரகாலச் சட்டம் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஒரு பிடவைக்கடைக்காரன் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கடை வாடகைக்கு. கட்டடம் ஒரு சிங்கள அம்மாவுடையது. வந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. ஷட்டரை உடைத்து, சாரிக் கட்டுகள், சாரம், துணி ரோல், காசு மேசை எல்லாவற்றையும் நடு வீதிக்கு இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். உள்ளே சுவரில் கரிகூடப் படவில்லை. இறாக்கைகள் மட்டும் வெறுமனே நின்றன.

இதுதான் பிறகு காலை வாரியது. கோப்பைப் புரட்டிய இலிகிதர் கட்டடப் படத்தில் விரலை வைத்து, “கடை எரியவில்லையே, எதற்கு இழப்பீடு?” என்று கேட்டார். வீதியில் எரிந்தது என்றேன். ஆதாரம் கேட்டார். ஊரடங்கு தளர்ந்த கையோடு சாம்பலை வாரிக்கொண்டு போய்விட்டார்களே, எதைக் காட்டுவது? எதிர்மாடியில் இருந்த சிங்களத் தம்பி பயந்து பயந்து போனில் எடுத்த நான்கைந்து படங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. கட்டடக்கார அம்மாவும், உள்ளே இருந்தது எங்கள் சரக்குத்தான் என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். சாம்பலோ உடைந்த கண்ணாடியோ, படம் எடுக்கும்வரை யாரையும் கூட்ட விடாதீர்கள்.

பொலிஸ் முறைப்பாட்டை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. எங்களுடையதில் கும்பல் தாக்கியது என்ற பேச்சே இல்லை, தீப்பிடித்ததாக மட்டும் சிங்களத்தில் எழுதியிருந்தது. வாசிக்கத் தெரிந்த மச்சான் கூட வந்ததால் அங்கேயே திருத்தச் சொன்னோம். முகம் சுளித்துத்தான் திருத்தினார்கள். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை மட்டும் சிரமமில்லாமல் கிடைத்தது.

அடுத்தது சரக்குக் கணக்கு. பில் புத்தகங்கள் காசு மேசையோடு போய்விட்டன. எரிந்த கடைக்காரனிடம் எரிந்த பில்லைக் கேட்கிறார்களே என்று வயிறு எரிந்தது. அப்புறம் கொழும்பு புறக்கோட்டைக்குப் போய், சரக்கு எடுத்த மொத்தக் கடைகளில் ஏறி இறங்கி, அவர்கள் பக்கத்துக் கார்பன் பிரதிகளை வாங்கினேன். ஒரு தமிழ் முதலாளி விஷயத்தைக் கேட்டதும் பெடியனைக் கூப்பிட்டுப் பழைய புத்தகங்களை எல்லாம் இறக்கச் சொன்னார். “83 ஜூலையில எங்கட கடையும் இப்படித்தான் போனது, தம்பி. அப்ப எங்களிட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்கேல்ல” என்றார். ஒவ்வொரு பிரதியிலும் கடை முத்திரை குத்தித் தந்தார். அதற்குப் பிறகு கணக்கில் எவரும் கை வைக்கவில்லை.

காப்புறுதி இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். சாதாரணத் தீக் காப்புறுதி கலவரத்துக்குச் செல்லாது. எஸ்.ஆர்.சி.சி. என்ற வேலைநிறுத்த, கலவரக் காப்பு தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். எங்கள் பத்திரத்தில் அது இல்லை. அப்படி ஒன்று இருப்பதாக முகவர் வாயே திறக்கவில்லை.

முதலில் ஒரு சிறு முற்பணம் வந்தது. மீதிக்கு நீண்ட காத்திருப்பு. இடையில் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி இழப்பீட்டுக்கான அலுவலகம் உருவாகி, ரெப்பியா என்ற புனர்வாழ்வு அதிகாரசபையிடம் இருந்த வேலை அங்கே போனது. கடைசியில் கிடைத்தது கேட்டதில் பாதிக்கும் குறைவு. அதுவும் வியாபாரப் பதிவு வாப்பா பெயரில், வங்கிக் கணக்கு என் பெயரில் என்று ஒரு சுற்று இழுபட்ட பிறகுதான். இரண்டையும் முன்கூட்டியே ஒரே பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

கோப்பு எங்கே நிற்கிறது என்று வாயால் கேட்டால் “வரும், வரும்” என்பார்கள். எழுத்தில் கேளுங்கள், கோப்பு இலக்கத்தைப் போட்டு, பதிவுத் தபாலில். தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிய இடத்துக்கே அந்த உறுப்புரையைக் குறிப்பிட்டு எழுதினேன். பதில் தமிழில் வந்தது.